ஓஸ்னாப்ரூக் – பிரேமன் இடையே: மோர் நிலங்கள், கல்திட்டைகள், கார் இல்லாமல் மூன்று நாள்

#1 · கரைவழி

அக்டோபர் நடுவில் மூன்று நாள். இரண்டு பேர், இரண்டு சைக்கிள், கார் கிடையாது. நீடர்சாக்சன் மாநிலத்தில் ஓஸ்னாப்ரூக்குக்கும் பிரேமனுக்கும் நடுவில் உள்ள பகுதி. பார்க்க வேண்டியவை இரண்டுதான்: ஜெர்மனில் மோர் எனப்படும் பீட் சதுப்புக் காப்பகங்கள், அந்த வட்டாரத்துத் தொல்லியல் இடங்கள். அரண்மனை, கடைத்தெரு, பீர்த் திருவிழா எதுவும் வேண்டாம். சுற்றுலாத் தளங்களில் "மனதை மயக்கும் அழகு" என்பதைத் தாண்டி ஒரு வரி இல்லை. எங்கே இறங்குவது, எவ்வளவு தூரம், எதில் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 · தடம்58

கார் இல்லை என்றால் திட்டத்தை ரயில் தடத்திலிருந்து தொடங்குங்கள். ஓஸ்னாப்ரூக் – பிராம்ஷே – ஃபெக்டா – கோல்டன்ஷ்டெட் – வில்டஸ்ஹவுசன் – டெல்மன்ஹார்ஸ்ட் – பிரேமன் என்று ஓடும் ஆர்.பி. 58 வண்டி உங்களுக்காகவே போட்டது போல இருக்கும். பிராம்ஷேயில் இறங்கினால் ரோமப் போர்க்களம், கோல்டன்ஷ்டெட்டில் சதுப்பு, வில்டஸ்ஹவுசனில் கல்லறைகள்.

டிக்கெட்: நாடு முழுதும் மண்டல வண்டிகளில் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட்டிக்கெட் இருந்தால் போதும், இது மண்டல ரயில்தான். அது 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. சந்தா முறை என்பதால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் பணம் போகும். மூன்று நாளுக்கு மட்டும் என்றால் நீடர்சாக்சன் டிக்கெட்டை ஒரு நாளுக்கு ஒன்றாக எடுங்கள். இரண்டு பேருக்கு ஒரே சீட்டில் எழுதிக்கொள்ளலாம், பிரேமனிலும் செல்லும். ஆனால் வேலை நாளில் காலை 9 மணிக்கு முன் செல்லாது. எட்டரை வண்டியில் ஏறி மாட்டுகிறவர்கள்தான் அதிகம். இரண்டிலுமே சைக்கிள் சேராது, அதற்குத் தனிச் சீட்டு. மடித்த மடக்கு சைக்கிள் மட்டும் மூட்டைக் கணக்கு.

பேருந்தை நம்பாதீர்கள். கிராமத் தடங்களில் பாதி பள்ளி நாட்களில் மட்டும் ஓடும். அக்டோபரில் இலையுதிர்கால விடுமுறை வேறு வரும், அப்போது அட்டவணையில் இருக்கும் பேருந்து நிறுத்தத்துக்கு வராது. மீதியில் பல, தொலைபேசியில் முன்பதிவு செய்தால் மட்டும் வரும் டாக்சிகள்.

ஞாயிறு கடை இல்லை. சனிக்கிழமை மாலையே ரொட்டி, பழம், தண்ணீர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

#3 · கருந்தண்ணீர்

இடங்களுக்கு முன்னால் எதைப் பார்க்கிறோம் என்று ஒரு வார்த்தை. இல்லாவிட்டால் மூன்று நாளும் "புல், தண்ணீர், புல்" என்றே தெரியும்.

ஜெர்மன் மோர் இரண்டு வகை. நிலத்தடி நீரோ ஆற்று நீரோ ஊட்டுவது நீடர்மோர். நாணலும் ஆல்டர் மரமும் நின்றால் அது. மழை நீர் ஒன்றையே குடித்து வளர்வது ஹோக்மோர். அதை வளர்ப்பது ஸ்பேக்னம் பாசி. உலர்ந்த எடையைப் போல 20 மடங்குக்கு மேல் தண்ணீரைப் பிடித்து வைக்கும், சுற்றியுள்ள நீரைத் தானே அமிலமாக்கும். மேலே வளரும், அடியில் சாகும், காற்று இல்லாததால் மட்காது. அந்த மட்காத அடுக்குதான் பீட். ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். ஒரு ஆள் உயரப் பீட் என்றால் ஏறக்குறைய 1,700 ஆண்டு.

கைபடாத சதுப்பைப் பார்க்கப் போகிறோம் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மன் சதுப்புகளில் 90 சதவீதத்துக்கும் மேல் ஒரு காலத்தில் வாய்க்கால் வெட்டி வடித்தவை. கோல்டன்ஷ்டெட் பக்கம் நீங்கள் பார்க்கப்போவது பீட் வெட்டி முடித்த பின், பீட்டாலேயே வரப்பு கட்டி மழைநீரைத் தேக்கும் நிலம். வயல் வரப்பு கட்டத் தெரிந்த நமக்கு அதைப் பார்த்ததும் புரியும்.

பாதையில் நின்றபடியே படிக்கலாம். வெள்ளையாகச் செத்து நிற்கும் பிர்ச் மரங்கள் இருந்தால் அங்கே தண்ணீர் ஏறியிருக்கிறது. அது நோய் இல்லை, வேலை நடந்ததற்கான அடையாளம். உயிரோடு தளதளவென்று பிர்ச் கன்றுகள் முளைத்திருந்தால் இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது. அக்டோபரில் வைக்கோல் நிறமாகும் குத்துப்புல் மொலினியா. அதுவும் காய்ந்த நிலத்தின் செடி. பச்சையும் சிவப்புமாகப் பாசி மெத்தை தண்ணீரில் மிதந்தால், அதுதான் வெற்றி.

பஞ்சுப்புல்லின் வெள்ளை மே மாதத்தோடு சரி. அழுகண்ணி இனமான டிரோசெரா அக்டோபரில் குளிர்கால மொட்டாகச் சுருங்கிவிடும், தேட வேண்டாம். பாசியின் மேல் நூல் போன்ற கொடியில் சிவப்பு மணி தெரிந்தால் மோஸ்பேரே என்ற கிரான்பெரி. பறிக்கக் கூடாது.

#4 · சந்தேகப்பிராணி

தலைப்பைப் பார்த்துவிட்டு உப்பு, பெருங்காயம், கறிவேப்பிலையோடு வந்தேன். ஏமாற்றம்.

#5 · கருந்தண்ணீர்

உச்சரிப்பு அதேதான் ஐயா, ஓகாரம் நீளும். நிறம்தான் கட்டங்காப்பி.

#6 · கல்திட்டை

தொல்லியல் பக்கத்தை நான் சொல்கிறேன். ஒரே ஒரு சூத்திரம்: மோரின் நடுவில் யாரும் வாழவில்லை, அதன் கரையில் எல்லாரும் வாழ்ந்தார்கள். இங்கே மணலும் சரளையுமான மேட்டு நிலத்தை கேஸ்ட் என்பார்கள். வீடு, வயல், கல்லறை, கோட்டை எல்லாம் கேஸ்டில். வரைபடத்தில் கேஸ்டும் மோரும் உரசும் கோட்டின் மேல் விரலை ஓட்டினால் உங்கள் மூன்று நாளும் அதிலேயே கிடைத்துவிடும்.

முதல் நாள் கால்க்ரீசே. கி.பி. 9இல் ரோமத் தளபதி வாருஸ் தலைமையில் வந்த 17, 18, 19ஆம் லீஜியன்கள் (ரோமப் படைப்பிரிவுகள்) ஜெர்மானியரிடம் அழிந்த போரோடு இணைக்கப்படும் இடம். 1987இல் டோனி கிளன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி உலோகம் காட்டும் கருவியோடு தேடி ரோம நாணயங்களையும் கவண் ஈயக்குண்டுகளையும் எடுத்த பிறகுதான் முறையான அகழாய்வு தொடங்கியது. ஏன் இங்கே? தெற்கே கால்க்ரீசர் குன்று, வடக்கே பெரும் மோர், நடுவில் ஒடுக்கமான மணல் வழி. படை நீண்ட வரிசையாகித்தான் போக முடியும், விரிந்து நிற்க இடமில்லை.

இன்று தரையில் நின்று பார்த்தால் அந்த இடுக்கு தெரியாது. மோர் வடிந்து புல்வெளியாகிவிட்டது, குறுக்கே மிட்டல்லாண்ட் கால்வாய் ஓடுகிறது. அதனால் முதலில் அருங்காட்சியகத்தின் துருநிற எஃகுக் கோபுரத்தில் ஏறுங்கள், 40 மீட்டர் உயரம். வடக்கே தட்டையாக இருப்பதெல்லாம் அப்போது சதுப்பு என்று கண்ணால் நிரப்பிக்கொண்டு இறங்கினால், பூங்காவில் ரோமர் வழியைக் காட்டும் இரும்புத் தகடுகளும் மண்ணரணைக் காட்டும் கம்பிகளும் பேசும். நேராகக் காட்சிக் கூடத்துக்குள் போகிறவர்கள் முகமூடித் தலைக்கவசத்தைப் படம் பிடித்துக்கொண்டு, இடத்தைப் பார்க்காமலே திரும்புகிறார்கள்.

இன்னொன்று: பொருள்கள் பிழைத்ததற்குக் காரணம் பின்னால் வந்த உழவர்கள். ஹைடே என்னும் குறும்புதர் நிலத்தின் மேல்தோலைப் புல்லோடு சீவி, மாட்டுத் தொழுவத்தில் பரப்பி, சாணத்தோடு வயலில் கொட்டினார்கள். நூற்றாண்டுக் கணக்கில் கொட்டியதில் வயல் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்தது. போர்க்களம் அதற்கடியில் பத்திரமாகப் படுத்துக்கொண்டது.

#7 · சந்தேகப்பிராணி

வாருஸ் போர்தான் என்று எப்படி இவ்வளவு உறுதி? கி.பி. 15–16இல் இன்னொரு ரோமத் தளபதி ஜெர்மானிக்குஸ் படையும் இந்தப் பக்கம் வந்ததே. அந்த மண்ணரண் ஜெர்மானியர் கட்டியதல்ல, ரோமர் முகாமின் மதில் என்று ஒரு கட்சி இருக்கிறதே?

#8 · கல்திட்டை

சரியான கேள்வி. அதனால்தான் "இணைக்கப்படும்" என்று எழுதினேன். அரண் யாருடையது என்ற சண்டை முடியவில்லை. 2022இல் போகும் (Bochum) நகரத்துச் சுரங்க அருங்காட்சியக ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள்: லீஜியன்களின் கொல்லர்கள் வெண்கலத்தைத் திரும்பத் திரும்ப உருக்கியதால் ஒவ்வொரு படைக்கும் சுவடு உலோகங்களின் தனிக் கைரேகை உண்டு. கால்க்ரீசே உலோகம், 19ஆம் லீஜியன் முன்பு தங்கியிருந்த டாங்ஷ்டெட்டன் முகாமின் உலோகத்தோடு பொருந்துகிறது. 19ஆம் லீஜியன் வாருஸோடு அழிந்தது. ஆகத் தராசு வாருஸ் பக்கம் சாய்கிறது. ஜெர்மானிக்குஸ் வந்து போகவே இல்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

வாருஸை வென்ற ஜெர்மானியத் தலைவன் ஹெர்மானுக்கு டெட்மோல்டில் நிற்கும் சிலை 1875இல் திறந்தது. அப்போது இடம் ஊகம்தான். அங்கே போய்ப் போர்க்களத்தைத் தேடாதீர்கள்.

#9 · தடம்58

பிராம்ஷே நிலையத்திலிருந்து கால்க்ரீசே கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். 218ஆம் எண் சாலை வேண்டாம், லாரி அதிகம். மிட்டல்லாண்ட் கால்வாயின் கரைப்பாதை ஊரிலிருந்தே தொடங்கும். மேடே கிடையாது, சரளை. நம் பொறுப்பில் ஓட்டிக்கொள்ளலாம். பாலத்துக்கடியில் எதிரே வருவோர் தெரியாது, மணி அடியுங்கள். திங்கட்கிழமையைக் கால்க்ரீசேக்கு ஒதுக்காதீர்கள். குளிர்காலப் பருவத்தில் திங்கள் மூடல் உண்டு, எந்தத் தேதியில் அது தொடங்குகிறது என்பதை அவர்கள் நாள்காட்டியில் பாருங்கள்.

டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். கேஸ்டில் பொடிமணல் பாதை உண்டு, ஒல்லி டயர் புதைந்து நிற்கும். மோர் பக்கம் கான்கிரீட் பலகை பதித்த நேர்ச்சாலைகள், பலகைக்குப் பலகை தட்டும். ஒதுங்க ஒரு மரம் இருக்காது. அக்டோபர் மேற்குக் காற்றில் 15 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் நாளின் கடைசிச் சுற்று கிழக்கு நோக்கி அமையும்படி போடுங்கள்.

#10 · கல்திட்டை

வில்டஸ்ஹவுசன் சுற்று. "பெருங்கல்" என்றதும் நம்மூர் இரும்புக்காலக் கல்திட்டையை நினைக்க வேண்டாம். உருவம் ஒத்துப்போகும், காலம் ஒத்துப்போகாது. இவை புதிய கற்காலத்தவை, ஏறத்தாழ கி.மு. 3500 முதல் 2800 வரை, புனல்வாய்க் குவளைப் பண்பாட்டினர் கட்டியவை. கற்கள் பனியாறு ஸ்காண்டிநேவியாவிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து விட்டுப்போன பாறைகள். இங்கே பாறைமலை கிடையாது.

ஃபிஸ்பெக்கர் மணமகன் என்ற கல்லறை 100 மீட்டருக்கு மேல் நீளம், மணமகள் என்ற கல்லறை 80 மீட்டர் வாக்கில். விரும்பாத கல்யாணத்துக்கு இழுத்துப் போகப்பட்ட பெண், இதைவிடக் கல்லாகலாம் என்று வேண்ட, இரண்டு ஊர்வலமும் கல்லானது என்று கதை. பெரும்பாலோர் மணமகளை மட்டும் பார்ப்பார்கள், ஏ1 நெடுஞ்சாலைக்கு ஒட்டியே இருப்பதால். அங்கே லாரி இரைச்சல் ஓயாது. எங்கல்மன்ஸ்பெக்கே பக்கம் இருக்கும் மணமகனுக்கு நேரம் கொடுங்கள். அமைதியான இடம், சுற்றிலும் இன்னும் சில கல்லறைகள். அவற்றில் ஒன்றைப் "பலிமேசை" என்பார்கள். பலியும் இல்லை, மேசையும் இல்லை, மூடுகல் தங்கிய கல்லறை அது.

பிறகு க்ளைனன்க்னேட்டன் கற்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கல்லறை. ஒன்றை 1930களில் அகழ்ந்து மண்மேடோடு திரும்பக் கட்டினார்கள், இன்னொன்று எலும்புக்கூடு போலக் கற்கள் மட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மற்ற இடங்களில் எது காணாமல் போயிருக்கிறது என்று விளங்கும். ஆகவே ஃபிஸ்பெக்குக்கு முன்னாலேயே இங்கே போவது நல்லது. அருகே பெஸ்ட்ரூப் ஈமக்காடு: 39 ஹெக்டேரில் 500க்கும் மேற்பட்ட புதைமேடுகள், வெண்கலக்காலமும் இரும்புக்காலமும். காலை தாழ்ந்த வெயிலில் போங்கள். நடுப்பகலில் மேடுகளுக்கு நிழல் விழாது, வெறும் புதர்க்காடாகத் தெரியும். மேடுகளின் மேல் ஏறக் கூடாது, ஹைடே செடியின் வேர்தான் மண்ணைப் பிடித்திருக்கிறது.

#11 · நிலா

அண்ணன்மார் காலுக்குக் கீழே பார்க்க மறந்துவிட்டீர்கள். பாதுகாப்புப் பக்கம் நான்.

பச்சை விளிம்பு முக்கோணத்துக்குள் கழுகு இருந்தால் இயற்கைக் காப்பகம். இந்த மாநிலச் சட்டப்படி அதற்குள் பாதையை விட்டு இறங்கக் கூடாது. ட்ரோன் கூடாது. மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரை காட்டிலும் மோரிலும் ஹைடேயிலும் புகைக்கவோ அடுப்பு மூட்டவோ கூடாது. நீங்கள் போகும் தேதி அதற்குள் வருகிறது. ஏன் இந்தக் கண்டிப்பு என்றால், பீட் தரைக்கடியில் கனலும். 2018 செப்டம்பரில் மெப்பன் அருகே ராணுவச் சோதனைத் திடலில் ராக்கெட் ஏவியதில் பிடித்த தீ ஒரு மாதத்துக்கு மேல் எரிந்தது.

தலை வரை இழுத்துக்கொள்ளும் என்பது கட்டுக்கதை. பீட் சேற்றைவிட உடம்பு லேசு, இடுப்பு, மார்போடு நிற்கும். ஆபத்து வேறு: பழைய பீட் குழிகளின் மேல் பாசி மெத்தை மிதக்கும், தரை போலவே இருக்கும், கீழே தண்ணீர். அக்டோபரில் அந்தக் குளிர் கைகால்களைச் சீக்கிரம் மரக்க வைக்கும். விழுந்தால் காலை உதைக்காதீர்கள், உதைக்க உதைக்கச் சேறு கவ்வும். மல்லாந்து எடையைப் பரப்பி, வந்த பக்கமே காலை மெல்ல உருவுங்கள். மற்றவர் கரையில் படுத்து சைக்கிளையோ துண்டையோ நீட்டட்டும், நின்று இழுத்தால் இரண்டாவது ஆளும் உள்ளே. உதவிக்கு 112.

பலகைப் பாதை ஈரத்தில் சோப்பு மாதிரி. கம்பிவலை அடித்த இடத்தில் நடங்கள், வலை இல்லாத பலகையில் குறுக்காகத் திரும்பாதீர்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டுகூடப் போக வேண்டாம், இரண்டு பேர் ஒதுங்க இடமிருக்காது.

உண்ணி: பத்து டிகிரி இருந்தாலே சுறுசுறுப்பாக இருக்கும், அக்டோபரும் கணக்கில் உண்டு. காலுறைக்குள் பேண்ட், வெளிர்நிறத் துணி. இரவு முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் பார்த்துவிடுங்கள். கடித்திருந்தால் நுனி கூரான சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள். எண்ணெய், பசை, தீக்குச்சி வேண்டவே வேண்டாம், உண்ணி கக்கும். சில வாரத்தில் வளையமாகச் சிவந்தால் மருத்துவர்.

க்ராய்ட்ஸ்ஓட்டர் என்ற விரியன் இனம் உண்டு. ஏப்ரல், மே காலை வெயிலில் பலகை மேலேயே படுத்திருக்கும். அக்டோபரில் அபூர்வம்.

#12 · கரைவழி

நன்றி, குறித்துக்கொண்டேன். இரண்டு கேள்வி. பெருங்கொக்குகளை எங்கே பார்ப்பது? வோர்ப்ஸ்வேடேயையும் பீட்ஸ்மோரையும் சேர்க்கலாமா?

#13 · கருந்தண்ணீர்

சாம்பல் பெருங்கொக்குகளுக்குத் தேதி சரியாக வாய்த்திருக்கிறது. அக்டோபர், நவம்பரில் டீப்ஹோல்ஸ் மோர்த்தாழ்வில் பல்லாயிரக்கணக்கில் தங்கும். பகலில் அறுவடையான சோளக்காட்டில் மேயும், இரவில் தேக்கிய தண்ணீரில் முழங்கால் ஆழத்தில் நின்று தூங்கும், நரி வராது என்பதால். அதாவது கொக்குகள் வருவதே வரப்பு கட்டித் தண்ணீர் தேக்கியதால்தான். பெயர்பெற்ற இடம் ரேடனர் கேஸ்ட்மோர், பார்வைக் கோபுரங்கள் உண்டு. சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே கோபுரத்தில் இருங்கள். அக்டோபர் நடுவில் மறைவு மாலை ஆறரை, கடிகாரம் மாறிய பின் நவம்பர் முதல் வாரத்தில் ஐந்துக்கு முன்பே. மேயும் கூட்டத்துக்கு 300 மீட்டருக்குள் போகாதீர்கள். கழுத்தை நிமிர்த்தி எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். 8 அல்லது 10 மடங்கு தொலைநோக்கி போதும், கைப்பேசிப் படத்தில் கரும்புள்ளிதான் வரும்.

2025 அக்டோபரில் பறவைக் காய்ச்சல் ஜெர்மனியில் கொக்குகளை ஏராளமாகக் கொன்றது. செத்த பறவையைத் தொடாதீர்கள், காலணியைக் கழுவாமல் கோழிப்பண்ணைப் பக்கம் போகாதீர்கள்.

வோர்ப்ஸ்வேடே பற்றி என் கருத்து: இந்த முறை வேண்டாம். அதைச் சுற்றியுள்ள டாய்ஃபல்ஸ்மோர் பெயர்தான் மோர், பெரும்பகுதி இன்று புல்வெளி. 1889இல் ஓவியர்கள் வந்து குடியேறியதற்காகவோ, 18ஆம் நூற்றாண்டில் ஃபிண்டோர்ஃப் என்ற அதிகாரி கால்வாய் வெட்டி ஆட்களைக் குடியமர்த்திய வரலாற்றுக்காகவோ தனியாகப் போகலாம். அந்தக் குடியேறிகள் பற்றித்தான் "முதல் ஆளுக்குச் சாவு, இரண்டாம் ஆளுக்கு வறுமை, மூன்றாம் ஆளுக்கு ரொட்டி" என்ற சொலவடை. அங்கே போகும் மோர்எக்ஸ்பிரஸ் ரயில் கோடை மாதங்களின் வார இறுதி வண்டி, அக்டோபர் நடுவில் அதை நம்பாதீர்கள்.

#14 · நிலா

பீட்ஸ்மோரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஷ்னேவர்டிங்கன் நிலையத்திலிருந்து பக்கம், சுமார் 5 கிலோமீட்டர்ச் சுற்று, பலகைப் பாதையில் தண்ணீரின் நடுவிலேயே நடக்கலாம். முதல்முறை பார்ப்பவருக்கு இதைவிடத் தெளிவான இடம் இல்லை.

#15 · கருந்தண்ணீர்

இடம் நல்ல இடம்தான். ஆனால் அது இருக்கும் லூனபுர்கர் ஹைடே வேறு திசை, வேறு ரயில். இவர்களுக்கு அரை நாள் பயணத்திலேயே போய்விடும். ஹைடே பூக்கும் ஆகஸ்ட் 8 முதல் செப்டம்பர் 9 வரை என்பது அங்கே வாய்ப்பாடு, அதுவும் முடிந்திருக்கும். ஹைடே போகிற அன்று ஏழு கல்வீடுகளையும் சேருங்கள். பெயர் ஏழு, இருப்பது ஐந்து கல்லறை. ராணுவத் திடலுக்குள் இருப்பதால் பொதுவாக வார இறுதியிலும் விடுமுறையிலும் காலை 8 முதல் மாலை 6 வரைதான், அதையும் முன்கூட்டி உறுதி செய்துகொள்ளவும்.

#16 · கல்திட்டை

மேற்கே உள்ள எம்ஸ்லாண்ட் வட்டாரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மூன்று நாளில் அடங்காது, ஆனால் மோர் வரலாற்றில் அதை விட்டுவிட முடியாது. நாஜிகள் அங்கே 15 முகாம்கள் வைத்தார்கள். கைதிகள் மண்வெட்டியால் மோரை வடித்தார்கள். "மோர்ச் சிப்பாய்கள்" பாட்டு 1933 ஆகஸ்டில் ப்யோர்கர்மோர் முகாமில் கைதிகளே பாடியது. எஸ்டர்வேகன் நினைவிடம் 2011இல் திறந்தது, நுழைவு இலவசம், அமைதி நோபல் பெற்ற கார்ல் ஃபான் ஓசியட்ஸ்கி அடைபட்ட முகாம். பக்கத்தில் ரயில் இல்லை. க்ரோஸ் ஹேசேப்பே மோர் அருங்காட்சியகத்தில் 1950க்குப் பின் எம்ஸ்லாண்ட் திட்டத்தில் 2 மீட்டருக்கு மேல் ஆழமாக உழுத மம்மூட் கலப்பை நிற்கிறது. பீட்டையும் அடிமணலையும் புரட்டிக் கலந்து வயலாக்கிவிட்டது. அப்படிப் புரட்டிய நிலத்தைத் திரும்ப மோராக்க முடியாது.

உங்கள் சுற்றில் மழை கெடுத்தால் டெல்மன்ஹார்ஸ்டில் வண்டி மாறி ஓல்டன்புர்க் போங்கள், அங்கே இயற்கையும் மனிதனும் அருங்காட்சியகம். மோரில் கிடைத்த பழங்காலப் பிணங்கள் ஏன் தோலோடு இருக்கின்றன, எலும்பு ஏன் கரைகிறது என்பது அங்கே விளங்கும்: ஸ்பேக்னம் தோலைப் பதனிடுகிறது, அமிலம் எலும்பின் சுண்ணாம்பைத் தின்கிறது. விட்டமோர் என்ற சதுப்பில் கிடைத்த மரச்சாலை கி.மு. 135ஆம் ஆண்டினது, ஓரத்தில் மர உருவங்கள் நட்டிருந்தார்கள். வெளியே போய் அசல் சாலையைத் தேடாதீர்கள், மரம் காற்றுப் பட்டால் பொடியாகும்.

#17 · சந்தேகப்பிராணி

இவ்வளவு மோரையும் வெட்டி என்னதான் செய்தார்கள்?

#18 · கருந்தண்ணீர்

முன்பு அடுப்பெரித்தார்கள். பிறகு பூந்தொட்டி மண். இப்போது கடைகளில் "டோர்ஃப்ஃப்ரை" என்று எழுதிய மூட்டைகள் பீட் இல்லாதவை. பின்பக்கம் பாருங்கள், பலவற்றில் தென்னை நார்த்தூள் இருக்கும், பொள்ளாச்சியிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிற சரக்கு.

#19 · கரைவழி

திட்டம் இப்படி: வெள்ளி கால்க்ரீசே, இரவு ஃபெக்டா. சனி கோல்டன்ஷ்டெட் மோர், மாலை ரேடனில் கொக்கு, திரும்ப ஃபெக்டா. ஞாயிறு வில்டஸ்ஹவுசன், பிரேமன்.

#20 · தடம்58

சனிக்கிழமை உடையும். ரேடனிலிருந்து ஃபெக்டாவுக்கு இருட்டில் 25 கிலோமீட்டருக்கு மேல், எதிர்காற்று. சனி இரவு டீப்ஹோல்ஸில் தங்குங்கள், ரேடனிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் வாக்கில். ஞாயிறு காலை ஆர்.இ. 9இல் பிரேமன், அங்கிருந்து ஆர்.பி. 58இல் வில்டஸ்ஹவுசன். நீளமான சுற்றுதான், ஆனால் உட்கார்ந்து போகலாம். முன்விளக்கு, பின்விளக்கு இரண்டுக்கும் மின்கலம் நிரப்பிக்கொள்ளுங்கள், மோர்ச்சாலையில் தெருவிளக்கு கிடையாது, மூடுபனி இறங்கினால் வாய்க்கால் விளிம்பே தெரியாது.

கோல்டன்ஷ்டெட் நிலையத்திலிருந்து மோர் வீடு என்ற தகவல் மையம் அரை மணி மிதி. பக்கத்திலேயே ஆர்க்கெபுர்க், முற்கால இடைக்கால வட்ட மண்கோட்டை, மோரின் கரையில். கல்திட்டை சொன்ன விரல்கோடு அங்கேயும் போகிறது.

#21 · கல்திட்டை

ஞாயிறு அந்தச் சுற்றால் பெஸ்ட்ரூப்பின் காலை வெயில் போய்விடும். கவலை இல்லை, மாலை நாலரைக்கு மேல் போங்கள், அதே தாழ்ந்த வெயில் மறுபக்கமிருந்து விழும். ஆக வரிசை: க்ளைனன்க்னேட்டன், மணமகன், கடைசியில் பெஸ்ட்ரூப். அங்கிருந்து வில்டஸ்ஹவுசன் நிலையம் மூன்று நான்கு கிலோமீட்டர்தான்.